எட்டரை மணி ஜெபம்

குடும்ப ஜெபம் எட்டரை மணிக்கு என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். எந்த வீட்டிலும் அது எட்டரைக்குத் தொடங்கி நான் பார்த்ததில்லை. குக்கர் இன்னும் இரண்டு விசில் விட வேண்டியிருக்கும். மகன் குளித்துக்கொண்டிருப்பான். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து முடியவில்லை என்பாள் மகள். அப்பா பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டபடி இருப்பார். அவர் குரல் ஏற ஏற அன்றைய ஜெபம் கெட்டுப்போய்க்கொண்டே இருக்கும்.

பட்டாபிராமில் நாற்பது வருஷத்துக்கு மேலாக இதைப் பார்த்து வருகிறேன். என் வீட்டில் பார்த்தேன். சபையின் வீட்டு ஜெபக் குழுவோடு போய் மற்றவர் வீடுகளிலும் பார்த்தேன். ஒரு கிறிஸ்தவத் தகப்பனுக்குப் பிரசங்கம் பண்ணத் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டாரை ஒரு பாயில் உட்காரவைக்கவும், நாளைக்கும் அவர்களாக வந்து உட்காரும்படி அவர்களை எழுப்பி அனுப்பவும் தெரிய வேண்டும். அது பழகித்தான் வரும். அதற்கென்று வகுப்பு எந்தச் சபையிலும் இல்லை.

நான் முதலூரில் பிறந்தவன். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று 1799-இல் உண்டான முதல் குடியிருப்பு அது. அங்கே ஜெபத்துக்கு நேரம் குறிப்பது தகப்பன் வேலையில்லை, கோயில் மணி பார்த்துக்கொள்ளும். பனையேறி இறங்கியவர்கள்கூட மணிச் சத்தத்துக்குக் கை கால் கழுவிக்கொண்டு வருவார்கள். என் ஐயா பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் ஒரு சரணம் பிசகாமல் வரும். ஐயா ராகத்தைத் தவறவிட்டால் ஆச்சி பிடித்துக்கொள்வாள். சாஸ்திரியார் தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரோடு படித்தவர், 1864-இல் காலமானார். அவர் கட்டிய பாட்டு நூறு வருஷம் கழித்துப் படிப்பறியாத ஒரு கிழவியின் தொண்டையில் உயிரோடு இருந்தது. ஐயா வசனம் வாசித்துச் சொன்ன விளக்கங்களில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை. ஆச்சியின் பாட்டு அப்படியே இருக்கிறது. வீட்டு ஜெபத்தில் எது தங்கும், எது உதிரும் என்பதை அங்கேதான் முதலில் கண்டேன்.

1982-இல் ஆவடி எச்.வி.எஃப்.-இல் டர்னராகச் சேர்ந்தேன். 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த தொழிற்சாலை. நான் சேர்ந்த சில வருஷங்களில் டி-72 டாங்கி வேலை வந்தது. ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் ஓ.சி.எஃப். பக்கத்திலேயே இருந்தது, 1987-இல் என்ஜின் ஃபாக்டரியும் வந்தது. அந்த வட்டாரத்தில் சம்பளம் என்றால் பெரும்பாலும் இந்தச் சம்பளம்தான். பட்டாபிராமில் அப்போது வாடகை குறைவு. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் ரயிலைப் பிடித்தால் ஆவடி பக்கம். பஸ்ஸில் போனால் சி.டி.எச். சாலையில் ரயில்வே கேட் மூடியிருக்கும். டிப்போவுக்குப் போகும் வண்டி நகர்ந்து முடியும் வரை நிற்க வேண்டியிருந்தது.

முதலூர் வழக்கத்தை அப்படியே பட்டாபிராமில் இறக்கிவைக்க முடியவில்லை. இங்கே மணி இல்லை, ஷிப்ட் இருந்தது. இரவு ஷிப்ட் வாரங்களில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். அந்த வாரங்களில் என் மனைவிதான் ஜெபம் நடத்துவாள். நான் பகல் ஷிப்டுக்கு மாறியதும் பைபிளை என் கையில் கொடுத்துவிடுவாள். சில மாதம் இப்படியே போனது. அவள் நடத்திய வாரங்களில் பிள்ளைகள் சீக்கிரம் வந்து உட்கார்ந்தார்கள் என்பது பிறகுதான் என் கவனத்துக்கு வந்தது. காரணம் எளிது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்காருவாள். யாரையும் கூப்பிட மாட்டாள். பாட்டைத் தொடங்கிவிடுவாள். பாட்டு கேட்டதும் அவரவர் வந்து சேருவார்கள், கடைசி சரணத்துக்குள் வீடு முழுவதும் பாயில் இருக்கும். அன்றிலிருந்து நானும் கூப்பிடுவதை விட்டேன். குடும்பத் தலைவன் வீட்டின் ஆசாரியன் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்த்த வீடுகளில் அந்த ஆசாரிய வேலையைப் பெரும்பாலும் அம்மாக்கள்தான் பார்த்தார்கள். ஆண்கள் அதை வாய் திறந்து ஒத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் அந்த நாளில் நாசரேத்காரர் இருந்தார், நாகர்கோவில்காரர் இருந்தார், தரங்கம்பாடி பக்கத்து லுத்தரன் குடும்பம் ஒன்று, வேலூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இரண்டு கத்தோலிக்க வீடு, ஒரு பெந்தெகொஸ்தே வீடு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்து, பல மிஷன் சபைகள் ஒன்றாயின என்று திடப்படுத்தல் வகுப்பில் படித்திருந்தேன். அந்த ஒன்றிப்பு வீட்டுப் பாயில் எப்படி இருக்கும் என்பது பட்டாபிராமில்தான் தெரிந்தது. ஒருவர் ஜெபப்புத்தகத்தை விட்டு ஒரு வார்த்தை நகர மாட்டார். ஒருவருக்கு ஞானப்பாட்டு இல்லாமல் ஆகாது. பெந்தெகொஸ்தே அக்கா கண்ணை மூடினால் நேரம் போவது தெரியாது. அக்டோபர் மாதம் கத்தோலிக்கரின் அன்பியம் என்ற அண்டைவீட்டுக் குழுவில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஜெபமாலை சொல்லும்போது எங்கள் பிள்ளைகளும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் தடுத்ததில்லை. அந்த ஜெபத்தில் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு பங்கு இருந்தது. சிறு பையன்கூடத் தன் முறை வரும் என்று விழித்திருந்தான். அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டிலும் பங்கு பிரித்தோம். பாட்டைத் தேர்ந்தெடுப்பது சின்னவன், வாசிப்பது பெரியவள், நன்றி சொல்வது அம்மா, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பெயர்களைச் சொல்வது நான்.

வாசிப்பதில் சங்கடம் உண்டு. எங்கள் தமிழ் வேதாகமம் மிஷனரி பவர் ஐயரும் அவரோடு இருந்தவர்களும் திருத்தி 1871-இல் வெளிவந்தது. எனக்கு அது தாய்ப்பால். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த என் மகளுக்கு ஒவ்வொரு வரியிலும் முள். திணறித் திணறி வாசிப்பாள். பக்கத்து வீட்டு ஜெபத்தில் ஒரு பெரியவர் பேரப்பிள்ளையின் ஒவ்வொரு பிழையையும் நிறுத்தித் திருத்துவார். மூன்றாவது திருத்தலில் அந்தப் பிள்ளையின் முகம் சிவந்துவிடும். நாங்கள் திருத்தவில்லை. தப்பாக வாசித்தாலும் முடிக்கட்டும் என்று விட்டோம். வசனத்தின் அளவைக் குறைத்தோம். ஒரு அதிகாரம் என்பது பத்து வசனமானது. பரீட்சை மாதத்தில் நான்கு வசனமும் போதும். இப்போது அவள் ஒரு சபையில் வேதபாடம் வாசிக்கிறாள், ஒரு சொல் தடுக்குவதில்லை.

ஜெபத்துக்குப் போட்டியாக வெளியிலிருந்து வந்ததில் முதலாவது ராமாயணம். 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கி அடுத்த வருஷம் ஜூலை வரை ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஓடியது. அதன் பிறகு மகாபாரதம். நான் அப்போது ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிறு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளின் கால் ஆட ஆரம்பித்துவிடும். டிவி பார்ப்பது பாவம் என்று சொன்ன ஆசிரியர்கள் உண்டு. தொடரில் போன வாரம் என்ன கதை வந்தது என்று நான் கேட்டேன். பரதன் பாதுகையை வாங்கிக்கொண்டு போனதை ஒரு பெண் அவ்வளவு அழகாகச் சொன்னாள். அங்கிருந்தே யோசேப்பு, அவன் சகோதரர்கள் என்று பாடத்துக்குள் போய்விட்டோம். அண்ணன் தம்பிக்குள் உரிமைச் சண்டை எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

1993-இல் சன் டிவி வந்ததும் கதை மாறியது. 1999-க்குப் பிறகு 'சித்தி', 'மெட்டி ஒலி' என்று இரவு ஒன்பது, ஒன்பதரை மணித் தொடர்கள் வந்தபோது பட்டாபிராமில் வீட்டு ஜெபங்கள் ஒவ்வொன்றாக நின்றன. போய்ப் பார்க்கும் வீட்டில் டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு எங்களை உட்காரச் சொல்வார்கள். படம் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் குழுவில் சிலர் டிவியை எதிர்த்துப் பேசத் தொடங்கினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காலையிலிருந்து வேலை செய்த ஒரு பெண்மணிக்கு அந்த அரை மணி நேரம்தான் கால் நீட்டி உட்காரக் கிடைத்தது. ஜெபத்தை எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். பசியில் யாரும் நீட்டிப் பேச மாட்டார்கள் என்பது கூடுதல் நன்மை. மாற்றிய வீடுகளில் ஜெபம் பிழைத்தது.

இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

ஒருநாள் மாலை குழுவோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். ஜெபம் முடிக்கும் முறை அந்த வீட்டு அப்பாவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, உம்முடைய வழியை விட்டுக் கெட்ட சகவாசத்தில் திரிகிற இந்தப் பிள்ளைக்குப் புத்தி கொடும்" என்று ஆரம்பித்தார். பையன் பெயர், அவன் வீட்டுக்குத் திரும்பும் நேரம், அவன் கூட்டாளிகள், போன பரீட்சையின் மார்க், எல்லாம் வந்தது. நான் கண்ணைத் திறந்தேன். பையனும் கண்ணைத் திறந்துதான் இருந்தான். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கடவுளிடம் பேசுவதுபோல என்னைத் திட்டுகிறார், எழுந்து பதில் சொல்லவும் முடியாதபடி திட்டுகிறார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அந்த நேரத்துக்கு அவனுக்கு டியூஷன் இருந்தது.

இது ஒரு வீட்டின் கதை இல்லை. கணவன் மனைவியைக் குறித்து இப்படி ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன். மாமியார் மருமகளுக்காகப் பொறுமை கேட்டு ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன். கேட்ட மருமகள் சமையலறைக்குப் போய்விட்டாள். குடிக்கிற தகப்பன் படுத்துக் கிடக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் காதில் விழும்படி பிள்ளைகளை ஜெபிக்கவைக்கிற தாயும் உண்டு. அவளுடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிள்ளைகளின் வாயில் அதை வைக்கக் கூடாது. அவள் தனியாக அழுது கேட்கட்டும், நாங்களும் சேர்ந்து கேட்போம். பிள்ளைகள் அப்பாவுக்காக ஜெபித்தால் அவர் உடம்புக்கு சுகம் கேட்கட்டும். அது போதும்.

எங்கள் வீட்டில் இரண்டு சட்டம் போட்டோம். ஜெபத்தில் யாரையும் கண்டிக்கக் கூடாது. ஜெபத்தில் ஒருவர் சொன்னதை ஜெபம் முடிந்தபின் எடுத்து விசாரிக்கக் கூடாது. இரண்டாவது சட்டம் கேட்க எளிது, காப்பது கஷ்டம்.

மகன் ப்ளஸ் டூ படித்த வருஷம். பரீட்சைக்காக ஜெபிக்கும்போது தகப்பன்மார் நல்ல மார்க், நல்ல காலேஜ் என்று கேட்பது வழக்கம். பிள்ளையின் காதில் அது ஜெபமாக விழாது, அப்பாவின் எதிர்பார்ப்பாகத்தான் விழும். அதனால் நான் அவனிடமே, "ஒனக்கு என்ன கேக்கணும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கணக்குப் பரீட்ச அன்னிக்கு வயிறு வலிக்கக் கூடாது" என்றான். எனக்கும் என் மனைவிக்கும் அது புதுச் செய்தி. கணக்குத் தேர்வு வரும்போதெல்லாம் அவனுக்கு வயிறு பிசைந்துகொண்டு வந்திருக்கிறது. எங்களிடம் மூச்சு விடவில்லை. ஜெபத்தில் சொல்லிவிட்டான், அங்கே யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்பதனால். அன்று இரவு நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. வயிறு வலிக்காமல் இருக்கட்டும் என்று அவன் சொன்னதையே சொல்லி முடித்தோம். மறுநாளும் கேட்கவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, சைடிங் ஸ்டேஷன் வரை நடந்துபோய்வரும்போது அவனாகச் சொன்னான். பயம் கணக்கில் இல்லை. பக்கத்தில் உட்காருகிற பையன்கள் எல்லாரும் எஞ்ஜினியரிங் என்று முடிவு செய்துவிட்டார்கள், தனக்கு அதில் மனமில்லை. பி.காம் படிக்கிறேன் என்றான். இந்துக் கல்லூரியில் சேர்ந்தான். கல்லூரி வீட்டுக்கு ஒரு ஸ்டேஷன் தூரம். கூடப் படித்த இரண்டு பிள்ளைகள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, ஜெப நேரத்தில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் நான் ஒன்றும் பேசியதில்லை. செமஸ்டர் வந்தால் அவர்களே, "அப்பா, எங்க பேரையும் சொல்லுங்க" என்பார்கள்.

சண்டை நாளைக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். கணவன் மனைவி பேசாத இரவில் ஜெபம் எப்படி நடக்கும்? பல வீடுகளில் அன்றைக்கு ஜெபமே இருக்காது. பிள்ளைகளுக்கு விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்படிப்பட்ட நாளில் ஒரு பாட்டு, பிறகு நேராகப் பரமண்டல ஜெபம். சொந்த வார்த்தை ஒன்றும் வேண்டாம். அந்த ஜெபத்தின் நடுவில் மன்னிப்பைப் பற்றி ஒரு வரி வருகிறது, எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பது எளிதில்லை.

தொழிற்சாலையில் ஆயுத பூஜை வரும். முதல் நாளே எந்திரத்தைத் துடைத்து, 'சக்'கைக் கழற்றி எண்ணெய் போட்டு, சிராய் ஒன்றில்லாமல் பெருக்குவோம். என் லேத்தை நான்தான் துடைப்பேன். வருஷம் முழுக்கச் சோறு போட்ட எந்திரம். பூஜையின்போது சேகர் முதலிய கூட்டாளிகளோடு நிற்பேன். ஆரத்தி தொட்டுக்கொள்ள மாட்டேன். அவர்களுக்கும் அது தெரியும். தட்டு என்னிடம் வரும்போது சகஜமாகத் தாண்டிப் போகும். பொரி கடலையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா கூடாதா என்று எங்கள் சபையிலேயே இரண்டு கட்சி இருந்தது. விக்கிரகத்துக்குப் படைத்ததைப் பற்றிக் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய அதிகாரத்தை இரண்டு கட்சியும் காட்டும். பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். நான் கொண்டுவந்தேன். "பூஜையில நான் சேரல, ஆனா இது சேகர் மாமா கையால குடுத்தது, தின்னுங்க" என்றேன். கிறிஸ்துமஸுக்கு என் மனைவி செய்யும் கேக்கும் முறுக்கும் ஷாப் முழுக்கப் போகும். யாரும் யோசித்து வாங்கியதில்லை. இதில் வேறு மாதிரி நினைக்கிற அண்ணன்மாரை நான் குறை சொல்ல மாட்டேன்; அவர்கள் மனசாட்சி அவர்களுக்கு. ஆனால் பிள்ளைகளுக்குக் காரணத்தைச் சொல்லாமல் வெறுமனே தூக்கி எறிகிற வீடுகளில், பக்கத்து வீட்டாரைக் கேவலமாகப் பார்க்கிற புத்திதான் வளர்ந்தது. அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கல்யாணப் பேச்சு என்றால் என் மனம் இன்னும் கொதிக்கும். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். முதலில் ஜெபம், சங்கீதம் வாசிப்பு. ஆமென் சொன்ன வாய் காயும் முன், "நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்ங்க" என்று தொடங்கும். பிறகு பவுன் கணக்கு, வண்டி, கல்யாணச் செலவு. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கோயிலில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்கிறோம். அந்தத் தடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. குழுவிலிருந்து என்னை ஜெபம் பண்ணக் கூப்பிட்டால், வரதட்சணைக் கேள்வி எதுவும் இல்லை என்று இரண்டு பக்கமும் முதலில் சொல்லட்டும், பிறகு ஜெபிக்கிறேன் என்று வைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் அதைச் சொன்னதும் பேச்சே நின்றுவிட்டது. காபி குடித்தார்கள், எழுந்து போனார்கள். பெண்ணின் அப்பா என்மேல் ஒரு வருஷம் வருத்தமாக இருந்தார். எனக்குப் பின்வாங்கத் தோன்றவில்லை. என் மகளுக்கு நாங்கள் நகை போட்டோம். எங்கள் விருப்பத்துக்குப் போட்டோம், கேட்டுப் போடவில்லை. மகன் கல்யாணத்தில் ஒரு பைசா வாங்கவில்லை. பிள்ளைகள் அப்பாவின் ஜெபத்தை இந்த இடத்தில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். வீட்டில் கையில் பணம் இல்லை, வெளியில் மரம் எல்லாம் சாய்ந்து கிடந்தது, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கேரல் ரவுண்ட்ஸ் நடக்குமா என்று சந்தேகம். இளைஞர்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காணிக்கைப் பெட்டி வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். இருட்டில் வாசலில் நின்று பாடியபோது கிறிஸ்தவர் அல்லாத வீடுகளிலும் கதவைத் திறந்து நின்று கேட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஜெபம் ஒரு மணி நேரம் நீண்டது. பிள்ளைகள் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்து சின்ன வயசுக் கதைகளைப் பேசினார்கள். கரண்ட் வந்த அன்று பழையபடி பத்து நிமிஷமானது. அதில் எனக்கு வருத்தமில்லை. பத்து நிமிஷம் தினமும் நடந்ததனால்தான் அந்த ஒரு மணி நேரம் கிடைத்தது.

2020-இல் கொரோனா ஊரடங்கு. மார்ச் 25 முதல் கோயில் பூட்டு. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. எதிர்வீட்டுப் பாட்டியம்மா தன் தென்னையிலிருந்து குருத்து வெட்டிக்கொடுத்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. பேரன் மொட்டை மாடியில் அதைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தான். பெரிய வெள்ளி அன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஏழு வார்த்தை தியானத்தை வீட்டிலேயே நடத்தினோம். ஆளுக்கு ஒரு வார்த்தை. மருமகள் தன் பங்குக்கு எழுதிவைத்துக்கொண்டு பேசினாள். "தாகம்" என்ற வார்த்தை அவளுக்கு வந்தது. நெடுஞ்சாலையில் ஊருக்கு நடந்துபோகிற தொழிலாளிகளைப் பற்றிச் சொன்னாள். பல வருஷம் எத்தனையோ ஐயர்மார் பேசக் கேட்டிருக்கிறேன். அவள் பேசியது அவற்றுக்குக் குறைந்ததில்லை.

அடுத்த வருஷம் மே மாதம் எங்கள் பகுதியில் சாவு நிறைய. ஒரு வீட்டில் தகப்பன் போய்விட்டார், நாற்பத்தைந்து வயசு. பத்தாவது படிக்கிற மகன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அந்தப் பையனின் தோளைத் தட்டி, "இனி நீதான்டா இந்த வீட்டுக்கு அப்பா" என்றார்கள். ஆறுதல் என்று நினைத்துச் சொல்கிறார்கள், எவ்வளவு பெரிய பாரம் அது. நாங்கள் அவன் அம்மாவிடம் சொன்னோம், பைபிளை அவன் கையில் கொடுக்க வேண்டாம், நீங்கள் நடத்துங்கள், அவன் பிள்ளையாகவே உட்காரட்டும். முதல் மாதம் அவர்களால் ஜெபிக்க முடியவில்லை. வாரம் இரண்டு நாள் நாங்கள் போய்ப் பாட்டு மட்டும் பாடினோம். ஏன் இப்படி ஆயிற்று என்று பையன் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். தேவ சித்தம் என்று சொல்லச் சிலர் வந்தார்கள்; அவர்களை வாசலிலேயே நிறுத்தி வேறு பேச்சுப் பேசி அனுப்பினேன். துக்க வீட்டில் கடவுளுக்காக வக்கீல் வேலை பார்க்க வேண்டியதில்லை. பையன் இப்போது டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாக இருக்கிறான். அம்மாதான் ஜெபம் நடத்துகிறார்.

நான் 2021-இல் ஓய்வு பெற்றேன். அந்த வருஷம் அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தன, எங்கள் எச்.வி.எஃப். ஏ.வி.என்.எல். என்ற நிறுவனத்துக்குள் போனது. ஆவடி மாநகராட்சியாகிவிட்டது. கேட் இருந்த இடத்தில் மேம்பாலம். 2024 நவம்பரில் பட்டாபிராமிலேயே 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். ராத்திரி வேலை மறுபடி எங்கள் தெருக்களுக்கு வந்திருக்கிறது. எங்கள் காலத்தில் அப்பா மட்டும் இரவு ஷிப்ட். இப்போது கணவன் ஒரு நேரம், மனைவி ஒரு நேரம். என் மகன் பெங்களூரில், மகள் ஓசூரில். ஞாயிறு இரவு போனில் வீடியோ போட்டு ஜெபம் வைக்கிறோம். எல்லாரும் ஒரே நேரத்தில் பாடினால் போனில் ஒன்றும் கேட்காது, சத்தம் முன்னும் பின்னுமாக வரும். அதனால் ஒரு வீடு பாட மற்றவர்கள் வாயை மூடிக் கேட்கிறோம். பேரன் ஆங்கிலத்தில் ஜெபிக்கிறான். அவன் பள்ளியில் யாரோ அடிக்கிறார்கள் என்று போன மாதம் அதில்தான் தெரிந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், அவள் அப்போது கேட்கவில்லை. புதன்கிழமை தூங்கப் போகும்போது அவனே சொன்னானாம்.

போன வாரம் எங்கள் சபையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டார். அவருக்கு மாலை ஷிப்ட், வீட்டுக்காரிக்குக் காலை, பிள்ளைக்கு மூன்று வயசு, மூன்று பேரும் விழித்திருந்து ஒன்றாக இருப்பது வாரத்தில் இரண்டு வேளை, அதில் ஜெபம் எங்கே வைப்பது அண்ணே என்று. சனிக்கிழமை மதியம் சாப்பிடும் தட்டை எடுக்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு பாட்டு போதும், பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்கட்டும். வசனம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும், பாட்டை மட்டும் நிறுத்த வேண்டாம்.